நட்சத்திரத்துக்குள் டெக்னீஷியம் எப்படி வந்தது?

[திரையில்: சிவப்பு நட்சத்திரம் ஒன்றின் நிறமாலை, நடுநடுவே கறுப்புக் கோடுகள்]

வணக்கம். இந்தக் கறுப்புக் கோடுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு, அவற்றை வைத்துத்தான் எங்கோ இருக்கும் நட்சத்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறார்கள். 1952இல் அமெரிக்க வானியலாளர் பால் மெரில், ஆர் ஆண்ட்ரோமெடே போன்ற சிவப்பு ராட்சத நட்சத்திரங்களில், யாரும் எதிர்பார்க்காத ஒரு தனிமத்தின் கோடுகளைப் பார்த்தார். டெக்னீஷியம்!

அதில் என்ன அதிசயம்? டெக்னீஷியத்தில் நிலையான வகை ஒன்றுகூடக் கிடையாது. இந்த நட்சத்திரங்களில் உருவாகும் டெக்னீஷியம்-99 (99 என்பது அணுக்கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை), சுமார் 2,11,000 ஆண்டுகளில் பாதி சிதைந்துவிடும். நட்சத்திரத்தின் வயதோ கோடிக்கணக்கான ஆண்டுகள், ஆகவே பிறக்கும்போதே இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். அப்படியென்றால் உள்ளேயே, அண்மையில்தான் உண்டாகியிருக்க வேண்டும். நட்சத்திரங்கள் கனமான தனிமங்களை உருவாக்குகின்றன என்பதற்குக் கையும் களவுமாகச் சிக்கிய சாட்சி இது.

சரி, எப்படி உருவாக்குகின்றன? ஹைட்ரஜன் ஹீலியமாகிறது, வெப்பம் 10 கோடி டிகிரியைத் தொட்டதும் மூன்று ஹீலியம் சேர்ந்து கார்பன் ஆகிறது, மிகப் பெரிய நட்சத்திரங்களில் இந்த இணைவு இரும்பு வரை போகும். அதற்கு மேல் இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவுதான். தவிர, அணுக்கருக்கள் எல்லாமே நேர்மின்னூட்டம் கொண்டவை, கிட்டே வந்தாலே ஒன்றையொன்று தள்ளும். நியூட்ரானுக்கு மின்னூட்டமே கிடையாதே, அது தாராளமாக உள்ளே போகும்.

[திரையில்: மாலிப்டினம்-98 அணுக்கருவை நெருங்கும் ஒரு நியூட்ரான்]

கார்பன்-13 மீது ஹீலியம் மோதினால் ஆக்சிஜன் உண்டாகி ஒரு நியூட்ரான் வெளியே வரும். அதை மாலிப்டினம்-98 விழுங்கினால் மாலிப்டினம்-99. இது நிலைக்காது, உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, எலக்ட்ரான் ஒன்று வெளியே பாயும். மாலிப்டினம்-99இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் நேரம், வெறும் 66 மணி நேரம்தான். புரோட்டான் ஒன்று கூடிவிட்டால் அப்புறம் தனிமமே வேறு, அதுதான் டெக்னீஷியம். மருத்துவமனைகளில் எலும்பு ஸ்கேனுக்குப் போடும் ஊசியில் இருக்கும் டெக்னீஷியமும் இதே மாலிப்டினம்-99 சிதைந்து வருவதுதான், எனக்கு இதைவிட வியப்பான தொடர்பு வேறில்லை!

ஒரு நியூட்ரானுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல ஆண்டுகள்கூட ஆகலாம். இப்படி நிதானமாக ஏறித்தான் ஸ்ட்ரான்சியம், பேரியம், ஈயம் எல்லாம் உருவாகின்றன. நட்சத்திரத்துக்குள் கொதித்துப் புரளும் வாயு இவற்றை மேற்பரப்புக்கு இழுத்து வருகிறது, மெரில் பார்த்தது அங்கேதான். இந்த வழி பிஸ்மத்தோடு முடிந்துவிடும். யுரேனியம் வேண்டுமானால் ஒரே நொடியில் நியூட்ரான் வெள்ளமே பாய வேண்டும்.