அம்மா எதற்கு நடுவில்?

(கடலூர் முதுநகர்ப் பக்கம், கபடிப் போட்டிப் பரிசளிப்பில் பேசியது)

பெரியவர்களே, பந்தல் காலில் தொற்றிக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம். கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மைக் பிடிப்பவனை யாருக்கும் பிடிக்காது. சீக்கிரம் விட்டுவிடுகிறேன்.

அரையிறுதியில் புதுச்சேரிப் பையன் பாடி வந்தான். நாலு பேர் அமுக்கியும் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். நடுவர் புள்ளி கொடுத்ததும் நம் பக்கம் ஒரே ஊளை. கிண்டல் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். "பாட்டு சரி, சுருதிதான் சேரல தம்பி" என்று பெரியவர் ஒருவர் கத்தினாரே, அந்தப் பையனே சிரித்தான். அடுத்து யாரோ அவன் அம்மாவை இழுத்துத் திட்டினான். அவன் தொட்டது நடுக்கோடு. அம்மா எதற்கு நடுவில்?

1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். ஜெயிக்க 271 ஓட்டம். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தார். அவர் அவுட்டாகும்போது பாக்கி 17தான், கையில் 3 விக்கெட். அப்புறம் நாலே ஓட்டத்தில் எல்லாம் முடிந்தது. 12 ஓட்டத்தில் தோல்வி. வாயடைத்து உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரம் அணி அந்தக் கைதட்டலோடு மைதானத்தைச் சுற்றி வந்தது. மூன்று வருஷம் முன்னால், 1996 உலகக் கோப்பை அரையிறுதியில், கொல்கத்தாவில் இந்தியா 120 ஓட்டத்துக்கு 8 விக்கெட். பாட்டில் பறந்தது, இருக்கை எரிந்தது, ஆட்டத்தை நிறுத்தி இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். தோற்ற வலி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

அதே சேப்பாக்கத்தில் பிற்பாடு ஒரு வேடிக்கை. தோனி இறங்கவேண்டும் என்பதற்காக, ஆடிக்கொண்டிருக்கும் நம்ம ஆள் அவுட்டானால் விசில் அடித்தார்கள். "நான் முன்னால் இறங்கினால் எப்போது அவுட்டாவேன் என்று காத்திருப்பார்கள்" என்று 2023இல், அப்போது சென்னை அணியில் இருந்த ஜடேஜாவே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரணியை மதித்த ஊர், சொந்த அணிக்காரன் விக்கெட்டைக் கொண்டாடலாமா?

செல்போன் வந்த பிறகு இன்னும் மோசம். 2021 டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் தோற்ற ராத்திரியே நம் பந்துவீச்சாளர் ஷமியின் மதத்தை இழுத்து வைதார்கள். பதினோரு பேர் தோற்ற ஆட்டம் அது. கேப்டன் கோலி வெளிப்படையாக ஷமி பக்கம் நின்றார்.

நடுவரைப் பற்றி ஒரே வார்த்தை. தப்பாகவே கொடுத்திருந்தாலும் கேப்டன் போய்க் கேட்கட்டும். நாற்காலி பறந்துபோய்க் கேட்க வேண்டாம்.

பரிசு தருகிறவர் ரொம்ப நேரமாக நிற்கிறார். இரண்டாம் பரிசு அணி முதலில் மேடைக்கு வரட்டும். தம்பிகளா, வழி விடுங்கள்.