ஒரே ஆள், இரண்டு கணிப்பு

அவையோருக்கு வணக்கம்.

அறிவியல் முறை என்றதும் உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று மளமளவென ஒப்பித்துவிடுவோம். தப்பில்லை. ஆனால் கணக்கும் வானமும் ஒத்துப்போகாவிட்டால் எதைக் கைவிடுவது? பாடப்புத்தகம் அங்கே வாய் திறப்பதில்லை.

1781-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், நியூட்டனின் ஈர்ப்பு விதி சொன்ன பாதையில் ஒழுங்காகப் போகவில்லை. விதி தப்பா? பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே அப்படி நினைக்கவில்லை. அதற்கும் அப்பால் கண்ணில் படாத ஒரு கோள் இருந்து இழுக்கிறது என்றார். இவ்வளவை யாரும் சொல்லலாம்! அவர் அதோடு நிற்காமல், எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டு பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23-ல் கடிதம் வந்தது. அன்றிரவே அங்கிருந்த வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். தெரிகிற விண்மீன்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாணவர் தாரெஸ்ட் வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒன்று மட்டும் வரைபடத்தில் இல்லை. சொன்ன இடத்துக்கு ஒரு பாகைகூடத் தள்ளியில்லை. அதுதான் நெப்டியூன்.

அடுத்து புதன். அதன் பாதையில் சூரியனுக்கு மிக அருகிலுள்ள புள்ளி மெல்ல நகர்கிறது. அதில் நூற்றாண்டுக்குச் சுமார் 43 விகலை எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. ஒரு பாகையை 3,600 கூறு போட்டால் 43 கூறு, அவ்வளவுதான். இதையா பெரிதுபடுத்துவது என்று தோன்றும். லெ வெரியே விடவில்லை. பழைய வாதத்தையே எடுத்தார்: புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்க வேண்டும். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பார்த்தேன் என்று சிலர் சொன்னார்கள். மற்றவர்கள் தேடினால் காணோம். சூரிய கிரகணங்களில் தேடியும் உறுதியாகவில்லை. 1877-ல் அவரும் காலமானார்.

1915-ல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு, கோள் எதையும் சேர்க்காமலே அந்த 43-ஐத் தந்தது. இம்முறை விதியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

அதே மூளை, அதே வாதம். ஒன்று பலித்தது, ஒன்று பொய்த்தது. எது பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியே கிடையாது. ஆனாலும் என் கணக்கில் வல்கனும் நல்ல அறிவியல்தான். 'யார் கண்ணுக்கும் தெரியாத கோள்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இன்றுவரை அதை யாராலும் அசைத்திருக்க முடியாது. அறிவியலும் அதைச் சீந்தியிருக்காது. ஐன்ஸ்டைனும் தப்பித்துக்கொள்ள இடம் வைக்கவில்லை. சூரியனின் ஓரத்தை ஒட்டி வரும் விண்மீன் ஒளி சுமார் 1.75 விகலை வளையும் என்று எண்ணையே சொல்லிவிட்டார். 1919 மே 29 கிரகணத்தன்று இரண்டு குழுக்கள் போய் அளந்தன.