வயல் போனது, கொல்லை நின்றது

அவைக்கு வணக்கம்.

வியட்நாமில் டோங் ஹோ என்று ஒரு சிற்றூர். மரக்கட்டையில் செதுக்கி, சிப்பித்தூள் பூசிய தாளில் படம் அச்சிடுவதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர். கோழி, பன்றி, எருமைமேல் அமர்ந்த சிறுவன், எலிகளின் கல்யாண ஊர்வலம் என்று புத்தாண்டுக்கு உழவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டிய படங்கள் அவை. வாங்குவோர் குறைந்ததும் அந்த ஊர்க் குடும்பங்களில் பெரும்பாலானவை வேறொரு காகிதத் தொழிலுக்கு மாறிவிட்டன. முன்னோருக்குப் படைத்து எரிக்கும் காகிதப் பொருள்களைச் செய்கிறார்கள். ஒரு காலத்தில் காகிதக் குதிரையும் காகித உடையும் எரித்தார்கள். இன்று அந்த நாட்டுக் கடைகளில் காகிதக் கைப்பேசியும் கிடைக்கிறது. வாழ்நாளெல்லாம் நாற்று நட்ட தாத்தாவுக்குப் பேரன் கைப்பேசி எரித்து அனுப்புகிறான்! சிரிக்கலாம். ஆனால் அந்தப் பேரனே நிஜக் கைப்பேசி செய்யும் ஆலையில் வேலை பார்ப்பவனாக இருக்கக்கூடும். டோங் ஹோ இருப்பது பாக் நின் மாகாணத்தில்.

ஹனோயிலிருந்து முப்பது கிலோமீட்டர் வடகிழக்கே, செவ்வாற்றுச் சமவெளியில் இருக்கிறது பாக் நின். 1997இல் ஹா பாக் என்ற பெரிய மாகாணத்தைப் பிரித்தபோது தனியானது. 2025 வரை அதன் பரப்பு 823 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை. நாட்டிலேயே மிகச் சிறிய மாகாணமாக இருந்தது. தனியானபோது அதன் பொருளாதாரத்தில் கிட்டத்தட்ட பாதி வேளாண்மை. 2025க்கு முன்பே அது ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

ஆலை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய மர்மம் இல்லை. பக்கத்தில் நோய் பாய் விமான நிலையம், எட்டும் தூரத்தில் ஹாய் பாங் துறைமுகம், வடக்கே லாரியில் போனால் சீன எல்லை. உதிரி பாகம் அங்கிருந்து வர வேண்டும், பூட்டிய பொருள் இங்கிருந்து பறக்க வேண்டும். 2008இல் சாம்சங் 67 கோடி டாலர் முதலீட்டுக்கு உரிமம் பெற்றது. 2009இல் யென் போங் தொழிற்பேட்டையில் கைப்பேசி உற்பத்தி தொடங்கியது. அதே நிறுவனம் அதற்கு முன்பே, 2007இல், நம் ஸ்ரீபெரும்புதூருக்கும் வந்துவிட்டது. ஆகவே இந்தக் கதை நமக்கு முழுக்க அந்நியமானதல்ல.

எத்தனை கோடி வந்தது, எத்தனை பேருக்கு வேலை என்றே எப்போதும் கேட்கிறோம். எனக்கு வேறொரு கேள்வி. ஆலைக்குப் போனது எந்த நிலம், போகாமல் நின்றது எந்த நிலம்?

வியட்நாமில் நிலம் யாருக்கும் சொந்தமில்லை. சட்டப்படி அது மக்கள் அனைவருக்கும் உரியது, நிர்வகிப்பது அரசு. கூட்டுப்பண்ணைகளில் மணியடித்தால் வயலுக்குப் போய், மணியடித்தால் திரும்பிய காலம் ஒன்று இருந்தது. விளைச்சல் போதாமல் நாடு பசித்தது. 1988இல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்தாம் தீர்மானம் குடும்பத்தையே சாகுபடியின் அலகாக ஏற்றது. மறு ஆண்டே, அரிசி இறக்குமதி செய்துவந்த நாடு சுமார் 14 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. 1993 நிலச் சட்டம் வந்தபின் வடக்கே வயல்களைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். நெல் வயலுக்கு இருபது ஆண்டு உரிமை. 2013இல் அது ஐம்பதானது.

அங்கே வயலை ‘சாவ்’ என்ற அளவில் கணக்கிடுவார்கள். ஒரு சாவ் 360 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒன்பது சென்ட். ஒரு குடும்பத்துக்கு ஆறேழு சாவ் இருக்கும், அதுவும் ஒரே இடத்தில் இருக்காது. மேட்டில் ஒரு துண்டு, பள்ளத்தில் ஒரு துண்டு, வாய்க்கால் கடைமடையில் இன்னொன்று. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லாருக்கும் சமமாக வரவேண்டுமே! பொருளியல் அறிஞர்கள் இதைத் துண்டாடல் என்று குறை சொன்னார்கள். எனக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. தொழிற்பேட்டை வந்தபோது எல்லாரும் கொஞ்சம் இழந்தார்கள், எல்லாருக்கும் கொஞ்சம் இழப்பீடு கிடைத்தது. நிலக்கிழார் ஒருவரே மொத்தப் பணத்தையும் அள்ளிக்கொண்டு நகரத்துக்குப் போக, அவர் வயலில் கூலிக்கு இருந்தவர்கள் வெறுங்கையோடு நிற்கும் காட்சியை நாம் நம் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். அங்கே அப்படி ஒருவர் இல்லை.

இதனால் எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வயலை வயலின் விலைக்கு எடுத்து, மனையாக்கி, மனையின் விலைக்கு விற்றால் வயிறு எரியாதா? பக்கத்து ஹுங் இயென் மாகாணத்தில், வான் ஜியாங் என்ற இடத்தில், குடியிருப்பு நகரம் ஒன்றுக்காக நிலம் எடுக்க 2012 ஏப்ரலில் பெரும் போலீஸ் படையே இறங்கியது. உழவர்கள் எதிர்த்து நின்றார்கள்.

போனது வயல். ஊர் போகவில்லை. வீடும் கொல்லையும் குளமும் குடியிருப்பு நிலம் என்ற கணக்கில் அந்தந்தக் குடும்பத்திடமே தங்கின. சுற்றிலும் ஆலை மதில், நடுவே தீவு மாதிரி பழைய கிராமம். அப்புறம் நடந்ததை எந்த அமைச்சகமும் திட்டமிடவில்லை. கொல்லையில் வாழையை வெட்டினார்கள், குளத்தைத் தூர்த்தார்கள், வரிசையாக அறைகள் கட்டினார்கள். திருப்பூரில் லைன் வீடு என்கிறோமே, அதேதான். பத்து, பதினைந்து சதுர மீட்டர் அறை, தகரக் கூரை, வாசலில் மோட்டார் சைக்கிள். 1999இல் ஒன்பதரை லட்சத்துக்குக் கீழே இருந்த மாகாண மக்கள்தொகை 2019 கணக்கெடுப்பில் 13.7 லட்சம். ஙே ஆன், தான் ஹோவா, வடக்கு மலைப் பகுதிகள் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்களுக்கும் பையன்களுக்கும் தங்க இடம் வேண்டும் அல்லவா?

ஆலை பதினெட்டு வயதுக்காரரைத்தான் கேட்டது. நாற்பத்தைந்து வயது உழவரை அது வாசலிலேயே திருப்பி அனுப்பியது. வயலும் போய், ஆலையும் சேர்க்காத அந்த மனிதரைக் காப்பாற்றியது கொல்லையில் நின்ற பத்து அறைகள். வருடத்துக்கு இரண்டு போகம் கண்டவருக்கு மாதா மாதம் மகசூல்.

அந்த அறைக்குள் வாடகைக்கு இருந்த ஆலைத் தொழிலாளப் பெண்ணின் கணக்கு வேறு. மின்சாரத்துக்கு அரசு விலைக்கு மேல் வீட்டுக்காரருக்குக் கொடுப்பாள். குடும்பப் பதிவேடு சொந்த ஊரில் இருந்ததால் பிள்ளையை இங்கே அரசுப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது, ஆகவே பிள்ளை பாட்டியிடம் வளர்ந்தது. இரண்டு ஷிப்ட், மிகைநேர வேலை. முப்பத்தைந்தைத் தாண்டினால் வேலை நிலைக்குமா என்ற பயம். உள்ளூர் உழவருக்குக் கொல்லை இருந்தது. இவளுக்கு அதுவும் இங்கே இல்லை, எங்கோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

2021 மே மாதம் பெருந்தொற்று இந்த மாகாணத்தையும் பக்கத்து பாக் ஜியாங்கையும் தாக்கியது. ஒரே குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களிடம் நோய் எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆலைகள் நிற்கக் கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேலையும் சாப்பாடும் தூக்கமும் ஆலைக்குள்ளேயே. ‘மூன்றும் அதே இடத்தில்’ என்று அதற்குப் பெயர். தொழிலாளர்கள் தரையில் பாயும் கூடாரமும் விரித்துப் படுத்தார்கள். வெளியே கிராமத்து அறைகள் பூட்டிக் கிடந்தன. வறட்சியில் காய்ந்த வயலைப் பார்ப்பது போலத்தான் வீட்டுக்காரர் அவற்றைப் பார்த்திருப்பார்.

இடையில் ஒன்று சொல்ல மறந்தேன். பாக் நின் என்றைக்கும் வெறும் நெல் நாடாக இருந்ததில்லை. டோங் கியில் மரவேலை, டா ஹோயில் இரும்பு, டாய் பாயில் வெண்கலம், போங் கேயில் பழைய தாளைக் கூழாக்கிப் புதுத் தாள். ஊருக்கு ஒரு கைத்தொழில். போங் கேயின் கழிவு அருகிலுள்ள ஆற்றைக் கறுப்பாக்கியது, எந்தப் பன்னாட்டு நிறுவனமும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆலை ஆரம்பித்த அதே 2009இல்தான் இம்மண்ணின் குவான் ஹோ பாட்டை யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அறிவித்தது. பெண்கள் இருவர் பாட, ஆண்கள் இருவர் எதிர்ப்பாட்டுப் பாடும் மரபு அது. தை, மாசியை ஒட்டி வரும் அவர்கள் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் லிம் குன்றுத் திருவிழாவில் இன்றும் பாடுகிறார்கள்.

2025 ஜூலை 1ஆம் தேதி, மாகாணங்களை இணைத்தபோது பாக் ஜியாங் பாக் நின்னோடு சேர்ந்தது. பெயர் பாக் நின், தலைமையகம் பாக் ஜியாங் நகரில். பரப்பு ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. புதிதாக வந்த நிலத்தில் லிச்சிப் பழத்துக்குப் பேர்போன லுக் ஙான் இருக்கிறது. நெல்லை விட்டுவிட்ட மாகாணம் ஒரே கையெழுத்தில் மறுபடி தோட்டக்கார மாகாணம் ஆகிவிட்டது! லுக் ஙான்காரர் இப்போது மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாரா, கொல்லையை அளந்துகொண்டிருப்பாரா என்று யாராவது என்னைக் கேட்டால், இரண்டையும்தான் என்று சொல்வேன்.