குடைக்குள்ள எத்தனை பேருக்கு இடம்?

வணக்கம்ங்க. அரசியல் கருத்தைப் பேச்சு கொண்டுவர்றதை விடப் படம் சத்தமில்லாம மனசுக்குள்ள கொண்டுவந்துடும். எப்படின்னு பாப்போம்.

1970கள்ல சிங்கப்பூர்ல வந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவரொட்டி ஒண்ணு. ரெண்டு பெண் பிள்ளைங்க, ஒரே குடை, பங்கு போட்டுக்க ஒரே ஆப்பிள். பெண்ணோ ஆணோ ரெண்டு போதும்னு வாசகம். அந்த வாசகத்தைக் கையால மறைச்சுட்டுப் பாருங்க. குடைக்குள்ள மூணாவது ஆளுக்கு இடமே இல்ல. வேண்டாம்னு யாரும் சொல்லல, குடை சொல்லிடுச்சு. ரெண்டுமே பெண் பிள்ளைங்கறதும் யோசிச்சு வச்சதுதான். அடுத்ததாவது பையனா பொறக்கட்டும்னு காத்திருக்கிற வீட்டுக்கு அதுவே பதில். வாயால சொல்லியிருந்தா மாமியார் மறுத்துப் பேசுவாங்க. குடைகிட்ட என்ன பேசுறது?

1987ல கொள்கை திரும்புச்சு. வசதி இருந்தா மூணு, அதுக்கு மேலயும் பெத்துக்கலாம்னு சொன்னாங்க. அந்த 'இருந்தா'வை எப்படி வரைவீங்க? நிபந்தனை படத்துக்குள்ள வராது, எழுத்துலதான் நிக்கும். அதனால எந்தச் சுவரொட்டியைப் பாத்தாலும் முதல்ல வாசகத்தை மறைங்க, அப்புறம் படத்தை மறைங்க. ரெண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லலைன்னா, மனசுல தங்குறது படம் சொன்னதுதான்.

சுவரொட்டியில இருக்கிற ஆளைப் படம் எடுத்த கேமரா உயரத்தையும் கவனிங்க. நெஞ்சுக்குக் கீழே இருந்து மேல பாத்து எடுத்தா தலைவர். கண் மட்டத்துல எடுத்தா நம்மள்ல ஒருத்தர்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வரேன். சிங்கப்பூர் அரசியலமைப்புச் சட்டம் 153ஏ பிரிவுல மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நாலும் அதிகாரத்துவ மொழி. அறிவிப்புப் பலகையில? 'வெளியேறும் வழி' தமிழ்ல 7 எழுத்து, ஆங்கிலத்துல 4, சீனத்துல 2. வடிவமைப்பாளர் நாலு மொழிக்கும் ஒரே அளவு கட்டம் போடுறாரு, தமிழ் அதுக்குள்ள அடங்கணும்னு எழுத்து சுருங்குது. யாரும் வேணும்னு பண்றதில்ல. ஆனா தினம் அதைப் பாக்குற பிள்ளைக்கு, வீட்டுல பேசுற மொழி சின்னதுன்னு பதிஞ்சுடுது. எனக்கு இது ரொம்ப வலிக்கிற விஷயம்.

கட்டத்தைச் சமமா வைக்காதீங்க, எழுத்தோட உயரத்தைச் சமமா வைங்க. நீளம் போனா ரெண்டு வரியா உடைங்க. வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு எழுத்து அளவுல 120 விழுக்காடு போதும். தமிழுக்கு மேல புள்ளி, கீழ உகரச் சுழி இருக்கு, 140ல தொடங்கிப் பாருங்க. இல்லன்னா மேல்வரிச் சுழி கீழ்வரிப் புள்ளியில இடிக்கும்.

அடுத்து கொம்பு. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோடு முறையில ஒற்றைக்கொம்பும் (ெ) இரட்டைக்கொம்பும் (ே) மெய்க்குப் பின்னாடி சேமிக்கப்படும், கண்ணுக்கு மெய்க்கு முன்னாடி தெரியணும். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருள்ல, பத்தி அமைப்புல வேர்ல்ட்-ரெடி கம்போசர்ங்கிற தெரிவைப் போடலன்னா, கொம்பு பின்னாடியே நின்னுடும். 'தேர்தல்'ங்கிற சொல்லே சிதைஞ்சுடும். அப்படி ஒரு பலகை தொங்கினா, இங்க தமிழ் படிக்கிறவங்க யாரும் இல்லன்னு அது அறிவிக்குது.

அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்துருவை அவுட்லைன் பண்ணிடுங்க, அதாவது எழுத்தைக் கோட்டு வடிவமா மாத்திடுங்க. அச்சகத்துல வேற எழுத்துரு மாறி விழாது. பிடிஎஃப் ஆன பிறகு, தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கணும். வேர்டு கோப்புல சரியா இருந்தது போதாது, உடையறது அதை வடிவமைப்பு மென்பொருள்ல ஒட்டும்போதுதான்.