காய்ச்சலும் பாய்ச்சலும்

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில் பெகு ஊர்ப் பக்கத்தில், மாமாவின் வயல் வரப்பில் நிற்கிறேன். கோடை நெல், பர்மிய மொழியில் 'நுவே ஸபா'. நட்டு ஒரு மாதம் ஆகிறது.

இங்கே பாருங்கள். சேற்றில் காலை அழுத்தினால் குமிழ் குமிழாக வருகிறதே, அதில் மீத்தேன் இருக்கிறது. தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பழைய வைக்கோலையும் வேரையும் தின்று இந்த வாயுவை விடுகின்றன. பெரும்பகுதி நெல் தண்டுக்குள் புகுந்து, சத்தமில்லாமல் மேலே போய்விடும். நூறு வருடக் கணக்கில் இது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு சூடேற்றும்.

குறைக்க வழி உண்டு. நம் பாட்டன்மார் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்றார்களே, அதேதான்: வயலைக் கொஞ்சம் காயவிட்டு, மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது. இதோ, மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க 30 சென்டிமீட்டர் பிவிசி குழாய். மண்ணுக்குள் இருக்கும் பாதியில் சுற்றிலும் துளை போட்டிருக்கிறோம். உள்ளே இருந்த சேற்றை வழித்து எடுத்தாயிற்று. தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினால் மறுபடி பாய்ச்ச வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் களைக்குப் பயந்து தண்ணீர் கட்டலாம். பூக்கும் சமயத்தில் காயவிடவே கூடாது. இப்படிச் செய்தால் விளைச்சல் குறையாமல் மீத்தேன் பாதியளவு வரை குறையும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

அப்புறம் ஏன் எல்லாரும் செய்வதில்லை? விவசாயி பிடிவாதக்காரர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். போன கோடையில் மாமா நம்பிக் காயவிட்டார். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரவில்லை. பத்து நாளில் வயல் வெடித்து, என் விரல் உள்ளே போகிற அளவுக்குப் பிளந்துவிட்டது. அடுத்த தண்ணீர் எப்போது என்று தெரியாதவர் இருக்கிற தண்ணீரை எப்படி விடுவார்? டீசல் எஞ்சின் வைத்து இறைப்பவருக்காவது செலவு மிச்சம். ஏக்கர் கணக்கில் கட்டணம் கட்டுபவருக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று, இந்த மடை. மேல்வயல்காரர் ஊலே தண்ணீர் திறந்தால் எங்கள் வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்குப் போகும். நாங்கள் மட்டும் காயவிட முடியாது. மழைக்காலப் பயிரில் கேட்கவே வேண்டாம், தாழ்ந்த நிலத்தில் வடிக்க இடமே கிடையாது. இந்த நாட்டு நெல்லில் பெரும்பங்கு அந்தப் பயிர்தான்.

அதனால் குழாயை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் போதாது. ஒரு வாய்க்காலில் இருக்கிற எல்லாரையும் சேர்த்து, முறைத் தண்ணீர் தேதியை உறுதியாகச் சொல்ல வேண்டும்.

சரி, குழாயில் அளந்து பார்க்கிறேன்... 11 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. இன்னும் நான்குதான். சாயந்திரம் மாமாவும் நானும் ஊலே வீட்டுக்குப் போய், மடையை எந்த நாளில் திறப்பது என்று பேசப்போகிறோம்.