பத்து நிமிட நெருப்பும் ஆயிரம் மணி நேர நெருப்பும்

சேலத்து நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டு மலையடிவாரத்தில் வெளுத்துக் கிடக்கும் மேக்னசைட்டை நாம் வெள்ளைக்கல் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். அதைச் சூளையில் சுட்டுச் செய்யும் செங்கல், எஃகு உலைகளின் உட்சுவராகிறது. அந்தக் கல்லிலிருந்து கிடைக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஏறத்தாழ 2800 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. உலோகவியல் கற்பித்தவன் என்பதால், ராக்கெட்டையும் போர் விமானத்தையும் நான் இந்த வெப்பத்தின் வழியாகவே பார்க்கிறேன்.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 விண்கலத்தை ஏற்றிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டின் மேல் அடுக்கில் சிஇ-20 என்னும் கிரையோஜெனிக் எந்திரம், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளால் இயங்கும் எந்திரம், இருந்தது. அதன் எரியறையில் வெப்பம் 3000 டிகிரி அளவுக்கு உயர்கிறது. அங்கே செங்கல் அடுக்க எடையும் இடம் தராது, அதிர்வும் விடாது. ஆகவே செம்புக் கலவையாலான மெல்லிய சுவருக்குள் நுண்ணிய வாய்க்கால்களை அமைத்து, மைனஸ் 253 டிகிரியில் ஏற்றப்பட்ட திரவ ஹைட்ரஜனை அவற்றின் வழியே ஓடவிடுகிறார்கள். சுவரின் சூட்டை வாங்கிக்கொண்ட அதே ஹைட்ரஜன் பிறகு எரிபொருளாக எரிகிறது. இந்த ஏற்பாடு பறக்கும்போது சுமார் பத்து நிமிடம் தாங்கினால் போதும்.

நிலவுக்கே விண்கலம் அனுப்பிய நாட்டால் நம் சொந்தப் போர் விமானமான தேஜஸுக்கு எந்திரம் செய்ய முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தேஜஸில் இன்றும் அமெரிக்காவின் எஃப்404 எந்திரமே இருக்கிறது. 1989இல் தொடங்கிய நமது காவேரி எந்திரம் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. முயற்சிக் குறைவு என்று இதைச் சொல்வது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

ராக்கெட் எந்திரத்துக்குப் பத்து நிமிடம் போதும்; விமானத்தின் ஜெட் எந்திரமோ ஆயிரக்கணக்கான மணி நேரம் நெருப்பைத் தாங்க வேண்டும். அதன் டர்பைன் அலகுகள், அதாவது சூட்டுக் காற்று தள்ளச் சுழலும் தகடுகள், தம் உலோகத்தின் உருகுநிலையையும் விஞ்சிய சூட்டுக் காற்றில் சுழல்கின்றன. குளிர்விக்கக் கிடைப்பதோ, அமுக்கப்பட்டதால் ஏற்கெனவே பல நூறு டிகிரி சூடான காற்று மட்டுமே. அதை அலகின் உட்குழாய்களில் செலுத்தி, நுண்துளைகள் வழியே வெளியேற்றி, அலகைச் சுற்றி ஒரு போர்வையாக்குகிறார்கள். அப்படியும் சுழற்சியின் இழுவிசையில் அலகு சிறிது சிறிதாக நீளும். உலோகம் சின்னஞ்சிறு படிகத் துகள்களால் ஆனது; அவற்றின் எல்லைகளே பலவீனமான இடங்கள் என்பதால், முழு அலகையும் ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள். நிக்கல் கலவையில் அப்படி வார்ப்பது மிகச் சில நாடுகளுக்கே கைவந்த தொழில்.

புதிய கலவை ஒன்றைச் சோதிக்க, அதை உலைக்குள் எடை கட்டித் தொங்கவிட்டு ஆயிரக்கணக்கான மணி நேரம் காத்திருந்து, எவ்வளவு நீண்டது என்று அளக்க வேண்டும். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனையாக இருக்கும் இந்நாளில், நம் பொறியியல் மாணவர்கள் அந்த உலைகளுக்கு அருகே போய் நிற்க வேண்டும் என்பதே என் ஆசை.