சாமி மேடை பக்கத்தில் வைத்ததும் கும்பிடுவதை நிறுத்திய செடி

(காட்சி: ஹாலில் சாமி மேடை. பக்கத்தில் ஒரு சட்டி. இலைகள் நாலா பக்கமும் சோம்பலாகக் கிடக்கின்றன.)

இந்தச் செடியை ஆங்கிலத்தில் பிரேயர் பிளான்ட் என்பார்கள். பகலில் இலைகளைப் பாய் விரித்த மாதிரி பரப்பி வைத்திருக்கும். இருட்ட ஆரம்பித்தால் ஒவ்வொன்றாக மேலே தூக்கி, இரண்டு கையைக் குவித்தது போல நிற்கும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் கும்பிடு செடி. கும்பிடு செடிக்கு வீட்டில் பொருத்தமான இடம் எது? சாமி மேடைதானே! கொண்டு போய் வைத்தேன். இரண்டு வாரம்தான். கும்பிடுவதை நிறுத்திவிட்டது.

பாட்டி மூன்று நாள் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்டி, காசு கொடுத்து நாத்திகச் செடியா வாங்கிட்டு வந்த?" என்றார்.

(தலைப்புக் காட்சி, இசை)

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் தோட்டக்காரி. செடிக்கு என்ன ஆனது, நான் என்ன தப்பு செய்தேன், நம் ஊர் வெயிலிலும் மழையிலும் இதை வீட்டுக்குள் எப்படி வளர்ப்பது, எல்லாவற்றையும் பார்க்கலாம். சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் செய்துவிடுங்கள். செடி கும்பிடவில்லை என்றால் என்ன, நான் கும்பிட்டுக் கேட்கிறேன்.

முதலில் ஊர், பேர். சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தாவரவியல் பெயர் மராந்தா லியூகோநியூரா. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய மருத்துவர் பார்த்தலோமியோ மராந்தாவின் நினைவாக முதல் பாதி. இரண்டாம் பாதிக்கு வெள்ளை நரம்பு என்று அர்த்தம். சொந்த ஊர் பிரேசில் மழைக்காடு. பெரிய மரங்களின் நிழலில், தரையோடு தரையாகப் படர்ந்து வளரும். சிவப்பு நரம்பு ஓடும் வகையும், பச்சை இலையில் முயல் காலடி பதிந்தது போலக் கரும்புள்ளி உள்ள வகையும்தான் நர்சரியில் அதிகம் கிடைக்கும். புள்ளி உள்ள வகைக்குப் பத்துக் கட்டளைச் செடி என்றும் பெயர் உண்டு. அதைக் கேட்டதிலிருந்து பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டி, "அப்படின்னா அது எங்க செடி" என்று உரிமை கொண்டாடுகிறார்.

வரலாறு முடிந்தது. ஆனால் பிரேசில் என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. இங்கிருந்து கோலகங்சாருக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே 1877இல் நட்ட பால்மரக் கன்றுகளும், அதாவது ரப்பர் கன்றுகளும், பிரேசில் வித்துதான். அதற்கு முந்தின வருடம் விக்ஹம் என்ற ஆங்கிலேயர் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகள் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தன. ஆக, நம் தாத்தா பாட்டியை இந்த மண்ணில் கட்டிப்போட்ட மரமும், நான் இரவுச் சந்தையில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கிய இந்தச் செடியும் ஒரே நாட்டுக்காரர்கள்.

சரி, இலை எப்படி எழும்புகிறது? இந்த வீடியோ எடுத்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

(நெருக்கக் காட்சி: இலைக் காம்பு. விரல் நுனி ஒரு இடத்தைக் காட்டுகிறது.)

இலையும் காம்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வழவழவென்று, நிறம் கொஞ்சம் மாறி, லேசாகப் புடைத்திருக்கிறது. இதுதான் மூட்டு. நம் முழங்கை மாதிரி, ஆனால் எலும்பும் கிடையாது, தசையும் கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீர். மூட்டின் ஒரு பக்கத்துச் செல்களுக்குள் பொட்டாசியம் நுழையும். அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். அந்தப் பக்கம் வீங்கும். எதிர்ப்பக்கம் தண்ணீரை விட்டுத் தளரும். வீங்கின பக்கம் தள்ள, இலை நகர்கிறது. காலையில் இதையே திருப்பிச் செய்து இலையை விரிக்கிறது.

நான் இதைப் பாட்டியிடம் ஏதோ பெரிய விஞ்ஞானம் போல விளக்கினேன். பாட்டி முப்பத்தெட்டு வருடம் பால்மரம் வெட்டியவர். கேட்டுவிட்டு, "தண்ணி ஏறி நிக்கிறதுதானே? மரத்துலயும் அதானே நடக்குது. அதுக்குத்தானே இருட்டோட போவோம்?" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. தேடிப் படித்தேன், பாட்டி சொன்னது சரி. பால்மரப் பட்டையில் பால் ஓடும் குழாய்களுக்குள் விடிவதற்கு முன்புதான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியாக நீர் ஆவியாகி, அழுத்தம் இறங்கிவிடும், பாலும் குறையும். அதனால்தான் பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியோடு இருட்டில் உளியைத் தூக்கினார்கள். செல்லுக்குள் தண்ணீர் முட்டி நிற்கும் அழுத்தம். அங்கே பால் வடியும் மங்குக் கிண்ணத்தை நிரப்பியது அது, இங்கே இலையைத் தூக்குவதும் அது. நான் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்ததைப் பாட்டி கையால் அறிந்து வைத்திருக்கிறார்.

இன்னும் இருக்கிறது. இருட்டினால் இலை எழும்புகிறது என்றால், செடி வெளிச்சத்தைப் பார்த்துத்தானே நடக்கிறது என்று நினைப்போம். 1729இல் தெ மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் ஒரு வேலை செய்தார். தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை எடுத்து முழு இருட்டில் அடைத்துவிட்டார். சூரியனே தெரியாது. ஆனாலும் பகல் நேரம் வந்தால் இலை விரிந்தது, இரவு நேரம் வந்தால் மூடியது. அதாவது, செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. உயிர்களுக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் மூலக்கூறு நுட்பத்தை ஈக்களில் கண்டுபிடித்தவர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் நோபல் இல்லாமலே அந்த ஆராய்ச்சி தினமும் நடக்கிறது. பாட்டி வேலையை விட்டு இருபது வருடம் ஆகிறது. தோட்டமும் இல்லை, பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. இன்றைக்கும் நாலு மணிக்கு டாண் என்று எழுந்து கொப்பி கலக்கும் சத்தம் கேட்கும். ஜன்னலைச் சாத்தினாலும், திரை போட்டாலும் நாலுதான்! உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதையும் சேர்த்து.

கும்பிடுவது இது ஒன்று மட்டும்தானா? இல்லை. தூங்குமூஞ்சி மரத்தைத் தமிழில் அப்படிச் சொல்வதே இதனால்தான். மலாயில் அதற்குப் புக்குல் லீமா என்று பெயர், ஐந்து மணி! சாயங்காலம் இலை மடிக்கும் நேரத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். தைப்பிங் ஏரிப் பூங்காவில் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்து நிற்கிறதே, அதே மரம்தான். புளியமரமும் இரவில் இலையை மூடும். அலெக்சாண்டரின் கப்பல் தலைவர் ஆண்ட்ரோஸ்தெனிஸ் பாரசீக வளைகுடாத் தீவு ஒன்றில் இரவில் இலை மூடும் மரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தார். அது புளியமரம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். ஏன் மூடுகின்றன என்பதற்கு டார்வின் 1880இல் தன் புத்தகத்தில் சொன்ன காரணம், இரவுக் குளிரிலிருந்து இலையைக் காப்பாற்றிக்கொள்ள என்பது. இந்த ஊர் இரவைப் பார்த்திருந்தால் டார்வின் மறுபடி யோசித்திருப்பார்.

(காட்சி: சாமி மேடை, இரவு. சிவப்பு மின்விளக்கு எரிகிறது.)

இப்போது என் தப்பு என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சாமி மேடையில் இரவு முழுக்க விளக்கு எரியும். பகலில் அந்த மூலைக்கு வெளிச்சமே வராது. செடியின் கணக்கில் பகலும் முழுப் பகல் இல்லை, இரவும் முழு இரவு இல்லை. கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வழியில்லாமல் இலைகள் அரைகுறையாக ஆடிவிட்டு நின்றுவிட்டன. பாட்டியின் அறை ஜன்னலுக்கு மாற்றினேன். ஐந்தாவது நாள் சாயங்காலம் ஏழே கால் மணிக்கு முதல் இலை எழுந்தது.

அதனால் இடத்தைப் பற்றி இவ்வளவுதான்: ஜன்னல் பக்கம், நல்ல வெளிச்சம், நேர் வெயில் மட்டும் படக்கூடாது. வெயில் பட்டால் இலை வெளுத்துப் போகும். மெல்லிய திரைச்சீலை போதும்.

அடுத்தது, எனக்குக் கோபம் வரும் பகுதி. இணையத்தில் இந்தச் செடியைப் பற்றிப் போட்டிருக்கும் குறிப்புகளில் பாதி பனி பெய்யும் நாட்டு வீடுகளுக்கு எழுதியவை. ஈரப்பதக் கருவி வாங்கு என்கிறார்கள். இங்கே துணி காய மாட்டேன் என்கிறது, ஈரப்பதக் கருவியாம்! தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அதன் மேல் சட்டியை வை என்கிறார்கள். வைத்தால் ஒரே வாரத்தில் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்தும். டெங்கிச் சோதனைக்கு வருகிறவரிடம், "இது என் செடிக்கு" என்று விளக்கிப் பாருங்கள், அபராதச் சீட்டோடு போவார். அதைச் செய்யாதீர்கள். நம் ஊர்க் காற்றே இதற்குப் போதும். விதிவிலக்கு ஏர்கான் அறை. குளிர்காற்று நேராக அடித்தால் இலை ஓரம் சுருண்டு காய்ந்துவிடும், சிலந்திப் பேனும் வரும்.

தண்ணீர். இங்கே இந்தச் செடி சாவது பெரும்பாலும் அன்பால்தான். விரலை ஒரு அங்குலம் மண்ணில் விடுங்கள். மேல்மண் காய ஆரம்பித்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். மண் முழுக்கக் காயவும் விடக்கூடாது, சேறாகவும் இருக்கக்கூடாது. வேர் மேலோட்டமானது, சீக்கிரம் அழுகும்.

இலை நுனி பழுப்பாகிறதா? குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். பல்லுக்காக நம் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். நமக்கு நல்லது, இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு ஆகாது. ஒரு இரவு வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், ஃபுளோரைடு போகாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். மழைத்தண்ணீர்தான் மருந்து. ஜிங்க் கூரையிலிருந்து வரும் முதல் தண்ணீரை ஓட விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள். மறக்காமல் மூடி வையுங்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

மண்ணுக்கு நான் போடுவது தேங்காய் நார்த் தூள் இரண்டு பங்கு, செக்காம் பக்கார் ஒரு பங்கு, அதாவது கருக்கின நெல் உமி. நர்சரியில் மூட்டையாகவே விற்பார்கள். கொஞ்சம் மக்கிய உரம். சட்டி ஆழம் வேண்டாம், அகலம் போதும், அடியில் ஓட்டை கட்டாயம். நான் பிஸ்கட் டின்னில் ஆணியடித்து ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

உரம் மாதம் ஒரு முறை, பாக்கெட்டில் எழுதியிருப்பதில் பாதி அளவு. இங்கே ஒரு சோகக் கதை. தோட்டத்தில் வேலை செய்யும் மாமா, "செம்பனைக்கே போடுறோம், இதுக்குப் போட மாட்டோமா?" என்று ஒரு கைப்பிடி உரத்தைத் தூவிவிட்டுப் போனார். ஒரு கைப்பிடி! மூன்றாம் நாள் இலையெல்லாம் தீயில் வாட்டின அப்பளம். செம்பனை எவ்வளவு பெரியது, இது எவ்வளவு சின்னது, மாமா!

(காட்சி: கண்ணாடி ஜாடியில் துண்டு. வெள்ளை வேர் தெரிகிறது.)

செத்ததிலும் தப்பித்த தண்டு ஒன்று இருந்தது. கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, கணு தண்ணீருக்குள் இருக்கும்படி ஜாடியில் வைத்தேன். மூன்றாவது வாரம் வேர். இலையை மட்டும் கிள்ளி வைத்தால் வேர் பிடித்தாலும் செடி வராது, கணு வேண்டும். ஜாடித் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பூனை, நாய் உள்ள வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம், இதில் விஷம் இல்லை. எங்கள் பூனை இரண்டு இலை தின்றுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஒரு கொசுறு: வயிற்றுப்போக்குக்குக் கஞ்சி காய்ச்சும் ஆரோரூட் மாவு இதன் உடன்பிறப்பான மராந்தா அருந்தினாசியா கிழங்கிலிருந்து வருவது. சீனப் பெருநாளுக்கு டப்பா டப்பாவாக விற்கும் ங்காக்கு சிப்ஸையும் இங்கே பலர் ஆரோரூட் சிப்ஸ் என்கிறார்கள். அது வேறு குடும்பத்து நீர்ச்செடிக் கிழங்கு. எப்படியோ, முழு டப்பாவையும் நான்தான் காலி செய்கிறேன்.

(கடைசிக் காட்சி: பாட்டியின் ஜன்னல். வெளியே இருட்டுகிறது. வேகமாக ஓடும் பதிவு, இலைகள் ஒவ்வொன்றாக எழுகின்றன.)

இந்தப் பதிவை எடுக்க மூன்று நாள் ஆனது. முதல் நாள் நான் கேமரா விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் பூனை. மூன்றாம் நாள் இரவு முழுக்கக் கேமராவை ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். இலை விரிவது பதிவின் கடைசியில் வருகிறது, ஏழு மணிக்கு. அதற்கு மூன்று மணி நேரம் முன்பு, அதோ பாருங்கள், இருட்டில் ஜன்னலைத் தாண்டிப் போகும் உருவம். கையில் கொப்பிக் கோப்பை.

துண்டு வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள். சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்களுக்கு முதலில். மேரி ஆன்ட்டிக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று.